அறுநூறும் நாற்பதும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நான் பேச்சாளன் அல்ல. பத்தாவது படித்துவிட்டு இரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். ஆகவே இன்றைக்கும் சீட்டின் விலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சென்ற மாதம் சங்கத்தின் சார்பில் எலிபெண்டா தீவுக்குப் போய்வந்தோம். திரும்பும்போது படகில் கிளம்பிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. டீக்கடையிலும் அதே பேச்சு, இரயில் பெட்டியிலும் அதே பேச்சு. "நீதானே சீட்டு விற்கிறவன், நீயே பேசு" என்று செயற்குழுவினர் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நடந்ததை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். என் தாத்தாவும் அவர் தம்பியும் இராமநாதபுரம் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கிளம்பினார்கள். தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். அண்ணன் இரயிலேறிப் பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலையில் சேர்ந்தார். அந்தத் தம்பியின் பேரன், எனக்குத் தம்பி முறை, இன்று மலேசியாவில் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். உறவைப் பார்க்க வந்தவரை நம்மோடு அழைத்துப் போனேன். குகை வாசலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அவருக்கு 600 ரூபாய். எனக்கு 40 ரூபாய்.

அவர் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டார். என் தாயாருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒரு வயித்துல பொறந்தவங்களோட பேரப்பிள்ளைங்க. ஒருத்தனுக்கு நாப்பது, ஒருத்தனுக்கு அறுநூறா? என்னடா கணக்கு இது?" என்றார். படகில் ஓர் இளந்தோழர், "வெளிநாட்டான் கொடுக்கட்டுமே பாட்டி, நம்மைச் சுரண்டியவன்தானே" என்றார். இன்னொருவர், "விருந்தாளியிடம் கூடுதலாக வாங்குவது நம் பண்பா?" என்று கேட்டார். சண்டை பிடித்துக்கொண்டது.

முதலில் அடிப்படைக் கேள்வி. அயல்நாட்டாரிடம் கூடுதலாக வாங்குவது அநியாயமா? என் கருத்தில் அநியாயம் இல்லை. நீங்கள் வாங்கும் சோப்புக்கட்டியில் வரி இருக்கிறது, செருப்பில் வரி இருக்கிறது. அந்த வரிப்பணத்தில்தான் குகைக்குக் காவல்காரரும் தூணுக்குப் பூச்சு வேலையும். நாம் ஆண்டு முழுவதும் கொடுத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறோம். ஒரு நாள் வந்து பார்த்துப் போகிறவர் வாசலில் கொடுக்கிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பணக்கார நாடுகளே இப்போது இதைச் செய்கின்றன. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் 2026 சனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு 32 யூரோ. மற்றவர்களுக்கு 22 யூரோ. அங்கே நாம்தான் கூடுதல் கொடுக்கும் அயலார்.

ஆனால் தோழர்களே, கோடு போடுவது நியாயம் என்று சொல்லிவிட்டால் போதாது. எங்கே போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நமது தொல்லியல் துறையின் கணக்கில் சார்க் நாட்டாரும் பிம்ஸ்டெக் நாட்டாரும் இந்தியர் கட்டணமே கொடுத்தால் போதும். நேபாளத்தார், இலங்கையார் பக்கத்து வீட்டுக்காரர்கள், மகிழ்ச்சி. தாய்லாந்து பிம்ஸ்டெக்கில் இருக்கிறது. ஆகவே பாங்காக் முதலாளிக்கு 40 ரூபாய், கிள்ளான் லாரி ஓட்டுநருக்கு 600 ரூபாய். அவர் ஓ.சி.ஐ. அட்டை வாங்கியிருந்தால் 40-ல் நுழைந்திருக்கலாம். 2009-லேயே அதற்கு ஆணை வந்துவிட்டது. ஆனால் லாரிக்காரருக்கு அந்த அட்டையைப் பற்றி யார் சொன்னார்கள்? கோடு மடியின் கனத்தைப் பார்த்துப் போடப்படவில்லை. அரசுகளின் ஒப்பந்தத்தைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. தாஜ்மகாலில் இன்னும் வேடிக்கை. இந்தியருக்கு 50, அயல்நாட்டாருக்கு 1100, சார்க் நாட்டாருக்கு 540. தொல்லியல் துறை பக்கத்து வீட்டுக்காரரிடம் 40 போதும் என்கிறது. ஆக்ரா வளர்ச்சி ஆணையம் அவரிடமே 500 கேட்கிறது.

இதெல்லாம் வெளியாரைப் பற்றிய கணக்கு. இனி நம் கணக்குக்கு வருகிறேன்.

2016 ஏப்ரலுக்கு முன்னால் எலிபெண்டாவில் நமக்கு என்ன விலை? 10 ரூபாய். அந்த ஏப்ரலில் 30 ஆயிற்று. 2018 ஆகஸ்டில் 40 ஆயிற்று. அயல்நாட்டாருக்கு 250 ஆக இருந்தது 500 ஆகி, பிறகு 600 ஆயிற்று. கணக்குப் போடுங்கள். அவர்களுக்கு ஏறியது இரண்டரை மடங்குக்கும் குறைவு. நமக்கு ஏறியது நான்கு மடங்கு! 600 என்ற எண்ணைப் பார்த்து நாம் கைதட்டிக்கொண்டிருந்தபோது 10 என்ற எண் நம் கையைவிட்டுப் போய்விட்டது. 2018 டிசம்பர் முதல் தாஜ்மகாலின் நடு மண்டபத்துக்குள் போக இன்னும் 200 ரூபாய், இந்தியருக்கும் சேர்த்துத்தான். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள குடும்பம் முழுவதையும் பார்க்க 1000 ரூபாய் ஆகிறது. உள்ளூர்க்காரருக்கு மலிவு என்ற பேச்சு அந்த இடத்தில் என்ன ஆயிற்று?

அன்றைக்கு நம் கூட்டத்தில் ஓர் அக்கா வந்திருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். நூற்றுக்கு மேற்பட்ட படிகளை எல்லோருக்கும் முன்னால் ஏறி வந்தவர், குகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். "முட்டி வலிக்குது தம்பி. நீங்க பாத்துட்டு வாங்க. பையெல்லாம் நான் பாத்துக்கிறேன், இல்லாட்டி குரங்கு தூக்கிட்டுப் போயிடும்" என்றார். நாங்களும் பைகளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், மூன்று முகச் சிவனைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்தோம். படகில் 600 ரூபாய்ச் சண்டை உச்சத்தில் இருந்தபோது அவருடைய பன்னிரண்டு வயது மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மாவுக்கு முட்டி வலி இல்ல மாமா. எனக்கு டிக்கெட் கிடையாது. அண்ணனுக்கு மட்டும் வாங்கிட்டு, கையில இருக்கிறது பஸ்ஸுக்கு வேணும்னு உக்காந்துருச்சு."

பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை என்பதால் அந்தப் பிள்ளை உள்ளே போனாள். அவள் தாய் வெளியே இருந்தார். படகுக் கூலியைச் சங்கம் வசூலித்தது. நுழைவுச் சீட்டை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தவன் நான்தான். 40 ரூபாய்தானே என்று நினைத்தேன். சீட்டு விற்கிறவனுக்கே அந்த நினைப்பு என்றால் டெல்லியில் விலை போடுகிறவரை என்ன சொல்வது?

சரி, வாங்கும் பணம் எங்கே போகிறது? அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. எலிபெண்டாவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது 1987-ல். அந்தத் தீவிலுள்ள கராபுரி ஊர்மக்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில். நடுவில் முப்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளாக உலகமெல்லாமிருந்து ஆட்கள் வந்து, சிவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். குகைக்குக் கீழே குடியிருந்தவர்கள் விளக்குக்கு ஜெனரேட்டரை நம்பி இருந்தார்கள். வெளியாரிடம் வாங்குவது உள்ளூருக்காக என்று சொன்னால், உள்ளூருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

என் தொழிலிலிருந்து ஒரு பாடம் சொல்கிறேன். 2016-ல் இரயில் சீட்டுகளில் ஒரு வரி அச்சிடத் தொடங்கினார்கள். பயணச் செலவில் சராசரியாக 57 சதவிகிதத்தைத்தான் இரயில்வே உங்களிடம் வாங்குகிறது என்று. அதைப் படித்துவிட்டு, நாம் ஏதோ ஓசியில் போகிறோம் போலிருக்கிறது என்று கூசியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கு 50 சதவிகிதம் இருந்த சலுகை அது. கிழவர் ஒருவர் சன்னலில் வந்து, "ஏனய்யா நிறுத்திட்டாங்க?" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? சலுகை என்று பெயர் வைத்தால் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான். ஆகவே நமது 40 ரூபாயைச் சலுகை என்று யாரும் சொல்ல வேண்டாம். முன்பே வரி கட்டியவனின் பங்கு என்று சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. உள்ளூர்க்காரர், உள்ளூர்க்காரர் என்கிறோமே, யார் அவர்? இந்தக் கேள்வியை இந்த ஊரில் நம்மைவிட நன்றாக அறிந்தவர் உண்டா? 1960-களின் பிற்பகுதியில் 'மண்ணின் மைந்தர்' முழக்கம் எழுந்தபோது, தென்னாட்டார் இந்த ஊருக்கு வெளியார் என்று கோடு போட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி என் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே அயல்நாட்டார் என்று வாசலில் நிறுத்திய செய்திகளைப் படிக்கிறோம். இன்றைக்குக் கோடு நாட்டின் எல்லையில் இருக்கிறது. நாளைக்கு மாநிலத்தின் எல்லைக்கு வந்தால் தாராவித் தமிழன் எந்த வரிசையில் நிற்பான்? அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2026 சனவரி முதல் வெளியாருக்குக் கூடுதல் கட்டணம். அங்கேகூட அந்த நாட்டில் குடியிருப்பவருக்கு உள்ளூர் விலைதான். இருந்து உழைத்து வரி கட்டுகிறவன் உள்ளூர்க்காரன் என்பதே நேர்மையான கணக்கு.

ஆகவே செயற்குழுவின் சார்பில் நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, அயல்நாட்டாருக்குக் கூடுதல் கட்டணம் இருப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இந்நாட்டில் குடியிருந்து உழைக்கும் எவரும் உள்ளூர் விலையில் நுழைய வேண்டும். இரண்டு, நம் கட்டணத்தைப் பழைய 10 ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசமாகத் திறக்க வேண்டும். தொழிலாளிக்கு ஓய்வு அன்றைக்குத்தான். மூன்று, முகத்தையும் மொழியையும் பார்த்து எவரையும் வாசலில் நிறுத்தக் கூடாது. நான்கு, ஒவ்வொரு சின்னத்தின் வாசலிலும் வசூல் எவ்வளவு, அந்த இடத்துக்கும் ஊருக்கும் செலவிட்டது எவ்வளவு என்று பலகையில் எழுதிவைக்க வேண்டும். இவற்றை மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, தொல்லியல் துறைக்கு அனுப்புவோம்.

இன்னொன்று தீர்மானம் அல்ல, என் பிழைக்குப் பரிகாரம். அடுத்த பயணத்தில் நுழைவுச் சீட்டைச் சங்கமே எல்லோருக்கும் சேர்த்து வாங்கும். பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.