முன் பிரேக்கும் பின் பிரேக்கும்



தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பு நடைபெற்ற காலத்தில், நீரில் இறங்குபவருக்கு இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்று அவரை ஆழத்திற்குக் கொண்டு செல்லும் கல்லைத் தாங்கிற்று. மற்றொன்று சிப்பி நிறைக்கும் கூடையைத் தாங்கிற்று. தோணியில் நின்றவர் இவ்விரண்டின் தொழிலையும் பிரித்தறிந்திருந்தார். அவ்வூர்ச் சாலைகளில் இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரிடமும் இரண்டு கருவிகள் உள்ளன: வலக்கைக்கு எட்டும் முன் பிரேக்கு ஒன்று; வலக்காலின் கீழ் அமைந்த பின் பிரேக்கு மற்றொன்று. இவற்றின் தொழிலைப் பிரித்தறிந்தவர் சிலரே.

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்று அறிவுரை கூறுவோர் பலர். அதனை நம்பிப் பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகுவோரும் பலர். இது சரியா என்பதை நீங்கள் வகுப்பில் கற்ற இயற்பியலைக் கொண்டே ஆராயலாம்.

பேருந்து திடீரென நிற்கும்போது நாம் முன்னோக்கிச் சாய்கிறோம் அல்லவா? வண்டிக்கும் அதுவே நிகழ்கிறது. வேகம் குறையத் தொடங்கியதும் பாரம் முன் சக்கரத்தின்மேல் ஏறுகிறது. பின் சக்கரம் இலேசாகிறது. நன்கு காய்ந்த தார்ச்சாலையில் வலுவாக நிறுத்துகையில், மொத்தப் பாரத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் முன் சக்கரத்தின்மேல் நிற்கும். பாரம் மிகுந்த சக்கரமே தரையை இறுகப் பற்றும். எனவே, நிறுத்தும் ஆற்றலும் அங்கேதான் மிகுதி. இலேசான பின் சக்கரமோ, அழுத்தி மிதித்தால் உருளாமல் வழுக்கத் தொடங்கிவிடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, இரு பிரேக்குகளையும் முறையாகப் பயன்படுத்தினால், ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கு மட்டுமெனில் 40 மீட்டருக்கும் மேல் ஆகும். ஆபத்தைக் கண்டு கை கால் செயற்படுவதற்குள் கழியும் ஒரு விநாடியில் வண்டி ஓடும் 17 மீட்டர் இதில் சேரவில்லை. துறைமுகச் சாலையில் சரக்கு லாரி ஒன்று முன்னே திடீரென நின்றால், அந்த 20 மீட்டர் வேறுபாடே உயிரைக் காப்பதும் போக்குவதும்.

அங்ஙனமாயின் முன்னோர் அச்சம் பொருளற்றதா? அன்று. முன் பிரேக்கைச் சட்டென்று இறுகப் பிடித்தால், பாரம் முன்னே ஏறுவதற்கு முன்பே சக்கரம் இறுகி வழுக்கும். ஆகவே, முதலில் மெல்லப் பிடித்து, பாரம் முன்னே வந்ததை உணர்ந்தபின் படிப்படியாக அழுத்துதல் வேண்டும். பின் பிரேக்கை உடன் மிதமாக மிதித்தல் வேண்டும். வளைவுக்குள் வேகத்தைக் குறைக்க முயலாது, வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ளல் நன்று.

இடத்தையும் நோக்குதல் வேண்டும். கடற்கரை மணல் படிந்த தெருவிலும், தேரிக்காட்டுச் செம்மண் பாதையிலும், உப்பு சிதறிய உப்பளச் சாலையிலும், முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்த தாரிலும் சக்கரத்திற்குப் பிடிப்பு குறைவு. அங்கே முன் சக்கரம் வழுக்கினால் வண்டியை நிமிர்த்துதல் அரிது. எனவே வேகத்தை முன்னதாகவே தணித்து, முன் பிரேக்கை மிக மென்மையாகக் கையாண்டு, பின் பிரேக்கையே சற்று மிகுதியாக நம்புதல் தகும். மணற்பாதையில் பிறந்த எச்சரிக்கையை மணலுக்கே உரியதாகக் கொள்ளல் வேண்டும். அதனைத் தார்ச்சாலைக்கும் கொண்டு வருவதே பிழை.

வண்டிக்கு வண்டி அமைப்பும் மாறும். ஸ்கூட்டரில் பின் பிரேக்கு இடக்கையில் உள்ளது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளில் அது இடக்காலின் கீழ் இருந்தது. புதிய வண்டியில் ஏறுமுன் இதனை அறிந்துகொள்க.

2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் இறுகாது காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு நம் நாட்டில் கட்டாயமாயிற்று. அதற்குட்பட்டவற்றில் அதுவோ, ஒன்றை இயக்கினால் இரண்டும் இயங்கும் கூட்டு பிரேக்கோ இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இவை நல்ல துணைகள். ஆயினும் மணலில் இல்லாத பிடிப்பை எக்கருவியும் உண்டாக்காது.

உரிமம் பெறும் வயது வந்ததும், ஆளில்லாத் திடலில், தலைக்கவசம் அணிந்து, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பழகத் தொடங்குங்கள். முன் பிரேக்கைத் தனியே, பின் பிரேக்கைத் தனியே, பின் இரண்டையும் சேர்த்து நிறுத்தி, ஒவ்வொரு முறையும் வண்டி ஓடிய தொலைவை அடியால் அளந்து பாருங்கள். எதனை நம்பலாம் என்பதை அந்த அளவே உங்களுக்குச் சொல்லும்.