எங்கிருந்து வந்த நினைவு?



என் பெரியம்மா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய கதையைச் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கரையில் அழுத உறவினர், தகரப் பெட்டி, கடல் வாடை எல்லாம் நேரில் கண்டதுபோல் வரும். ஆனால் பெரியம்மா பிறந்ததே இங்கே, தோட்டத்து லயத்தில்தான். கப்பல் ஏறியவர் அவருடைய தாயார். இதை எடுத்துச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "நான் பார்த்தேன்டா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

முற்பிறவியை நினைவிலிருந்து எழுதியதாகச் சொன்னவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம்தான் வருகிறது. மறுபிறவி உண்டா இல்லையா என்பது அவரவர் சமய நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. நினைவு என்று ஒருவர் சொல்வது எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

இங்கிலாந்தில் ஜோன் கிராண்ட் என்ற பெண்மணி 1937-ல் ஒரு நாவல் வெளியிட்டார். பண்டை எகிப்தின் அரசகுமாரி ஒருத்தியின் கதை அது. கற்பனையன்று, தாமே வாழ்ந்த வாழ்க்கை என்று பின்னர் சொன்னார். 1922-ல் துட்டன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபின் பத்திரிகைகளில் எகிப்துச் செய்தி நிறைய வந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கக்கூடிய சம்பவம் ஒன்று சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் நடந்தது. எலென் ஸ்மித் என்று நூலில் பெயர் கொடுக்கப்பட்ட ஒரு பெண், கடையில் வேலை பார்த்தவர். மயக்க நிலையில் பேசுவார், எழுதுவார். முற்பிறவியில் தாம் கன்னட நாட்டுச் சிவ்ரூக்கா நாயக்கரின் மனைவி என்றும், அவர் 1401-ல் சந்திரகிரிக் கோட்டையைக் கட்டினார் என்றும் சொன்னார். உடன்கட்டை ஏறியதை நடித்தே காட்டுவார்! புளூர்னுவா என்ற மனோதத்துவப் பேராசிரியர் சரித்திர அறிஞர்களை விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், 1828-ல் பாரிசில் அச்சான ஓர் இந்திய சரித்திர நூலில் அதே அரசன், அதே கோட்டை, அதே ஆண்டு இருக்கக் கண்டார். அந்த நூல் ஜெனீவாவிலேயே தூசி படிந்து கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், காசர்கோடு பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டையைக் கட்டியவர் 17-ஆம் நூற்றாண்டின் சிவப்ப நாயக்கர் என்றே சொல்லப்படுகிறது. புத்தகத்தின் பிழை அந்த அம்மையாரின் நினைவிலும் பிழையாகவே இருந்தது!

அந்த நூலைப் பார்த்ததே இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். புளூர்னுவா அவரை ஏமாற்றுக்காரி என்று சொல்லவில்லை. நாம் படித்தது மறந்துபோகும். படித்தோம் என்பதும் மறந்துபோகும். விஷயம் மட்டும் மனத்தின் அடியில் தங்கி, ஒருநாள் நம்முடையதாகவே மேலே வரும்.

கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லருக்கும் இது நேர்ந்தது. 1891-ல், பதினோரு வயதில், ஒரு கதை எழுதினார். அது மார்கரெட் கேன்பி என்பவரின் கதையைப் போலவே இருந்தது. 1888-ல் அந்தக் கதையை அவர் உள்ளங்கையில் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியிருந்தார்கள். ஹெலனுக்கு அது நினைவே இல்லை. சிறுமியைப் பெரியவர்கள் உட்காரவைத்து விசாரித்தார்கள். அதற்குப் பிறகு, தாயாருக்குக் கடிதம் எழுதும்போதுகூட அவருக்குத் திடீரென்று பயம் வருமாம். இந்த வாக்கியம் என்னுடையதா, எங்கோ படித்ததா என்று மறுபடி மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்ப்பாராம்.