மாற்றுச் சதையியும் மணித்தியாலக் கணக்கும்



இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்திற்கும் குறைவாய்க் கிடக்கும் மெல்லிய உறுப்பு சதையி. தமிழகத்தார் இதனைக் கணையம் என்பர். உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், குருதியிலுள்ள வெல்லத்தை அடக்கியாளும் இன்சுலினையும் நமக்குத் தருவது இதுவே. இன்சுலின் சுரப்பு அற்றுப்போன நீரிழிவாளரை 1922ஆம் ஆண்டு முதல் ஊசிமருந்து காத்து வருகின்றது. ஆயினும் காலஞ்செல்ல அவருட் சிலரின் சிறுநீரகங்களும் பழுதடைகின்றன. அத்தகைய ஒரு பெண்ணுக்கே 1966 டிசெம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், வில்லியம் கெலி, றிச்சட் லில்லிஹை என்னும் சத்திரவைத்தியர் இருவர் இறந்தவரொருவரின் சதையியையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே பொருத்தினர். அப்பெண் நெடுநாள் வாழவில்லை. எனினும் வழி திறந்தது.

குருதியோட்டம் நின்ற உறுப்பை ஏறக்குறைய 4 பாகைக் குளிரில் வைத்தே கொண்டுசெல்வர். குளிரிலே உயிரணுவின் பசி குறையுமேயன்றி ஒழியாது. உப்பை வெளியேற்றும் ஆற்றலை அது இழக்க, நீர் உட்புகுந்து அணு வீங்கும். 1980களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெல்சர், சதார்ட் என்போர், அணுவினுள் நுழையவியலாத பெரிய மூலக்கூறுகளைக் கரைத்து, அவ்வீக்கத்தைத் தடுக்கும் திரவமொன்றை ஆக்கினர். சதையியைப் பாதுகாக்கும் முறையில் இது பெருந்திருப்பம். ஆயினும் சிறுநீரகத்தைப் போல ஒரு நாள் முழுதும் பொறுத்திருக்கச் சதையி இசையாது. 12 மணித்தியாலத்துள் பொருத்திவிடவே வைத்தியர் விரும்புவர். நேரம் நீள நீள, சூடான குருதி மீண்டும் பாயும்போது அது அழன்று வீங்கும். அதனுள் ஓடும் குருதியும் வேகங்குறைந்ததாகையால் நாளங்களிற் கட்டிபடும். பொருத்திய சில நாட்களுள் சதையி இழக்கப்படுவதற்கு இக்குருதிக்கட்டியே முதன்மையான காரணம்.

இனிப் பங்கீட்டைப் பார்ப்போம். ஒரே கொடையாளியின் ஈரலும் சதையியும் ஒரே நாடியின் கிளைகளாற் பிழைப்பவை. உயிர்காக்கும் ஈரலுக்கே முதலுரிமை. ஆகவே சதையிக்கு எஞ்சிய இரு நாடிகளையும், கொடையாளியின் இடுப்பிலிருந்து எடுத்த கவைநாடி ஒன்றினால் இணைத்துத் தைக்கின்றனர். தையற்காரரும் வியக்கும் வேலை அது!

உறுப்பை எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்பது மற்றொரு வழக்கு. ஐரோப்பிய நாடுகள் சில தம்முட் பகிர்ந்துகொள்வதற்கென 1967இல் லைடன் நகரிலே வான் றூட் ஓர் அமைப்பை நிறுவினார். அமெரிக்காவோ 2021 மார்ச்சில் பழைய வட்டார எல்லைகளை நீக்கி, கொடையாளியின் வைத்தியசாலையைச் சுற்றி 250 கடல்மைல் வட்டத்தை வகுத்தது. வட்டம் விரியின் பொருத்தமான நோயாளி கிடைப்பார். ஆனால் பயணநேரமும் நீளும். நியாயம் ஒருபுறம், கடிகாரம் ஒருபுறம். என் மனம் கடிகாரத்தின் பக்கமே சாய்கின்றது.

சிறுநீரகமும் உடன்செல்லுதல் நன்று. உடல் புதிய உறுப்பை வெறுக்கத் தொடங்கினால், சிறுநீரகத்தின் குருதிச் சோதனை அதனை முன்னரே காட்டிக்கொடுக்கும். தனித்த சதையியில் வெல்லம் ஏறித் தெரியும்போது பெரும்பாலும் காலங்கடந்திருக்கும். ஆனால் அச்சிறுநீரகத்திற்கெனவே காத்திருந்த வேறொருவர் பின்தள்ளப்படுகிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நேரத்தை மிச்சப்படுத்த, உறுப்பு வந்துசேருமுன்னரே நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துவிடுவர். சில வேளைகளிற் பெட்டியைத் திறந்து பார்த்த சத்திரவைத்தியர், சதையியிற் கொழுப்பு மிகுந்திருப்பதையோ காயம்பட்டிருப்பதையோ கண்டு தலையசைப்பார். உண்ணாது காத்திருந்தவர் மறுபடியும் ஊசிமருந்தோடு வீடு திரும்புவார்.