வாளித் தண்ணீர்



2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முகாமில் சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். நாலு வயதுப் பையன் ஒருவன் மணலில் வீடு கட்டுவான், வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவான், “கடல் வருது, ஓடுங்கோ!” என்று கத்துவான். திரும்பவும் கட்டுவான். பார்க்கப் பொறுக்காமல் வாளியைப் பறித்துவிட்டுப் பாட்டுப் பாடச் சொன்னேன். அன்று முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. இரவு பாயை நனைத்தானாம், அம்மம்மா சொன்னார்.

வாளியைத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லத் தெரியாத பிள்ளை விளையாடித்தான் சொல்லும். பக்கத்தில் இருந்தால் போதும். (வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும், அது வேறு.)

ஒருநாள், “அம்மாவும் ஓடினவவோ?” என்று கேட்டான்.

“ஓடினவ, ராசா. ஆனால் தப்பேல்லை. செத்துப்போனா.”

“நித்திரை கொள்ளுறா” என்று சொல்லியிருக்கலாம். பிறகு அவன் நித்திரைக்கே பயந்திருப்பான். அழுதான், நானும்தான். முகாமில் என்ன குழப்பம் என்றாலும் பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு பிஸ்கற் கொடுப்போம். அன்றும் பத்து மணிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கை நீட்டினான்.