விண்கலத்தில் வந்த குழந்தை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். எமக்கு அத்தகைய புலமை இல்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்துப் பேரேடுகளோடு காலங்கழிப்பவர் யாம். ஆதலின் யாம் நன்கறிந்த ஒன்றைப் பற்றியே பேச விழைகின்றோம். அது படக்கதை, பிள்ளைகள் ‘காமிக்ஸ்’ என்பார்களே, அதுதான். சிலர் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள்; ஆயினும் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற திங்களில் நம் குடியிருப்பில் ஒரு சிறுவன் தன் பாட்டியிடம், “ஆச்சி, நான் எந்த ஊர்க்காரன்?” என்று கேட்டான். “நமக்கு அம்பாசமுத்திரம்” என்றார் அம்மையார். “அங்கே நான் இரண்டு தடவைதானே போயிருக்கிறேன்? பிறந்தது இங்கே அல்லவா?” என்று மீண்டும் கேட்டான் சிறுவன். ஆச்சி விடை சொல்லவில்லை. அருகில் இருந்த எமக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு எம் நினைவுக்கு வந்தது ஒரு படக்கதையின் தொடக்கம். அது சூப்பர்மேன் பிறந்த கதை.

1938ஆம் ஆண்டு ஜூன் மாத இதழாக அமெரிக்காவில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் வெளிவந்தது. விலை 10 சென்ட். சூப்பர்மேன் முதன்முதல் தோன்றியது அதில்தான். அவனுடைய பிறப்பு வரலாறு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. தொலைவில் ஓர் உலகம் முதுமையால் அழிகின்றது. அங்குள்ள அறிவியலார் ஒருவர், அவசரமாகச் செய்த விண்கலம் ஒன்றில் தம் கைக்குழந்தையை வைத்துப் பூமியை நோக்கி அனுப்பிவிடுகின்றார். சாலைவழியே காரில் சென்ற ஒருவர் உறங்கும் குழந்தையைக் கண்டு அநாதை இல்லத்தில் சேர்க்கின்றார். குழந்தை வளர்ந்து, இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுகின்றான்; விரைவு வண்டியையும் முந்தி ஓடுகின்றான். எம் துறையினர்க்கு இது சற்றே வருத்தம் தரும் செய்திதான்!

இக்கதையை ஆக்கியவர் இருவர். எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகல் பிறந்தது கிளீவ்லண்டு நகரில். ஷூஸ்டர் கனடாவின் டொரொண்டோவிலிருந்து அந்நகருக்கு வந்து சேர்ந்தவர். பழைய மண்ணை விட்டுப் புதிய மண்ணில் வேர்விட்ட குடும்பங்களின் பிள்ளைகள், வேற்றுலகத்திலிருந்து வந்த ஒரு குழந்தையைக் கற்பனை செய்ததில் வியப்பொன்றும் இல்லை.

இனி, இப்பிறப்புக் கதை எவ்வளவு தூரம் பொருந்தி நிற்கின்றது என்று பார்ப்போம்.

முதலில் வலிமைக்குக் கூறிய காரணம். அவனுடைய இனத்தார் உடலமைப்பில் நம்மைவிடப் பல பத்து இலட்சம் ஆண்டுகள் முன்னேறியவர்கள் என்றார் சீகல். எறும்பு தன் எடையைப்போல் பன்மடங்கு சுமக்கவில்லையா, வெட்டுக்கிளி தாவவில்லையா என்று எடுத்துக்காட்டும் தந்தார். இது கணக்குக்கு ஒவ்வாது. எறும்பின் நீளத்தை நூறு மடங்காக்கினால் அதன் தசையின் குறுக்குப் பரப்பு 10,000 மடங்காகும். எடையோ 10,00,000 மடங்காகும். வலிமை பரப்பைப் பொறுத்தது ஆதலின் அவ்வெறும்பு தன் உடலையே தாங்கமாட்டாது. அது சிறிதாயிருப்பதனாலேயே வலியது. 1939இல் பூமியின் ஈர்ப்பு குறைவு என்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். அதுவும் ஒருவன் உயரத் தாவுவதற்குக் காரணமாகலாமேயன்றி, துப்பாக்கிக் குண்டு அவன் மேனியில் தைக்காமைக்குக் காரணமாகாது. விளக்கம் தோற்றது, ஆயினும் கதை தோற்கவில்லை. ஏன்?

படிப்போர் நெஞ்சைப் பற்றியது எறும்புக் கணக்கன்று. தொட்டிலாய் மாறிய விண்கலமே ஆகும். இது புதிய செய்தியும் அன்று. பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனை நாம் அறிவோம். நாணற்கூடையில் நைல் நதிக்கரையில் வைக்கப்பட்ட மோசேயைக் கிறித்தவ அன்பர்கள் அறிவார்கள். நள்ளிரவில் யமுனையைக் கடந்து ஆயர்பாடி சேர்ந்த கண்ணனைக் குழந்தைகளும் அறிவார்கள். பிள்ளை பிழைக்கவேண்டும் என்பதற்காகவே பிள்ளையைப் பிரியும் பெற்றோர் கதை எக்காலத்தும் உயிருள்ளது.

ஆயினும் அம்முதற் பக்கத்தில் பெருங்குறை ஒன்று உண்டு. அனுப்பியவர் இருக்கின்றார், ஏற்றுக்கொண்டவர் இல்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஒருவன், பெற்ற வலிமையைக் கொண்டு பிறர்க்கு உதவ வேண்டும் என்று ஏன் துணிந்தான்? அதற்குக் காரணம் அப்பக்கத்தில் இல்லை. துணிந்தான் என்று மட்டும் உள்ளது. குறையை ஆசிரியர்களே உணர்ந்தார்கள் போலும். 1939இல் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழில் கென்ட் என்னும் முதிய தம்பதியர் தோன்றினார்கள். குழந்தையைக் கண்டெடுத்தவர்கள் அவர்களே. பின்னர் வளர்க்க விரும்பி ஏற்றுக்கொண்டவர்களும் அவர்களே. உன் வலிமையைக் கண்டு மக்கள் அஞ்சுவர், அதை மறைத்துவை என்றார் தந்தை. காலம் வரும்போது அதைக் கொண்டு மக்களுக்கு உதவு என்றார் தாய். அந்த இரண்டு அறிவுரைகளால்தான் வலியவன் ஒருவன் நல்லவனும் ஆனான். கதை நிறைவுற்றது அன்றுதான் என்பது எமது துணிபு.

தேவகியும் யசோதையும் இருவரும் இருந்தாலன்றிக் கண்ணன் கதை இல்லை. கண்ணனின் பிள்ளைப் பருவத்தை யசோதையாய் நின்று பாடினார் பெரியாழ்வார். தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்ற தேவகியின் புலம்பலைப் பாடியவர் யார் தெரியுமா? சேர நாட்டு மன்னராம் குலசேகர ஆழ்வார். நாம் வந்து குடியேறியிருக்கும் இம்மலைநாட்டின் அரசர், அத்துயரத்தைத் தமிழிலேயே பாடினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எம் உள்ளம் உருகும்.

கதையில் மற்றொரு மாற்றம் 1960ஆம் ஆண்டளவில் வந்தது. எம் கருத்தில் அதுவே மிக அழகியது. கிரிப்டான் என்னும் அவன் பிறந்த உலகத்தின் கதிரவன் செந்நிறத்தது. நம் கதிரவன் மஞ்சள் நிறத்தது. இந்த மஞ்சள் ஒளியே அவனுக்கு ஆற்றல் தருகின்றது என்று எழுதினார்கள். அறிவியல் முறையில் இதுவும் நில்லாது. கதையின் பொருளோ தலைகீழாயிற்று! முன்பு ஆற்றல் பிறந்த குலத்தால் வந்தது. பின்பு ஆற்றல் புகுந்த மண்ணின் ஒளியால் வந்தது. அங்கே இருந்திருந்தால் அவனும் பத்தோடு பதினொன்றே.

இதற்குச் சான்று தேடி நாம் வானுக்குப் போகவேண்டியதில்லை. தும்பாவுக்குப் போனால் போதும். 1963 நவம்பர் 21 அன்று அக்கடற்கரையிலிருந்துதான் நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் மேலெழுந்தது. மீனவ மக்களின் தேவாலயமே அந்நிலையத்தின் தொடக்க அலுவலகமாய் இருந்தது. இராமேசுவரத்துப் பிள்ளையாகிய அப்துல் கலாம் இந்நகரில் பல்லாண்டு உழைத்தார். 1980இல் ரோகிணியை விண்ணில் ஏற்றிய எஸ்.எல்.வி. - 3 திட்டத்தை இங்கிருந்தே நடத்தினார். இம்மண்ணின் ஒளி அவருக்கும் ஆற்றல் தந்தது என்றால் அது மிகையாகுமா?

சீகலின் பிற்கால வாழ்வு துயரமானது. 1938இல் இருவரும் சூப்பர்மேன் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பிறர் அதனால் பெருஞ்செல்வம் ஈட்டினார்கள். 1975இல்தான் அவர்களுக்கு ஆண்டுத்தொகையும், ஆக்கியோர் என்ற பெயருரிமையும் கிடைத்தன. இடையே 1960களில் சீகல், இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழுக்காக ஸ்பைடர் என்னும் எத்தனின் கதைகளை எழுதினார். அந்த ஸ்பைடரே சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்து எம்போன்ற சிறுவர்களின் உறக்கத்தைக் கெடுத்தவன்! எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர் என்பதை அன்று யாம் அறியோம். ஸ்பைடரையும், 1972 முதல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியையும் கண்டு வியந்தோம். மாயாவி ஆய்வுக்கூட விபத்தினால் ஆற்றல் பெற்றவன். அவன் மின்சாரம் பாய்ந்து மறைவதைக் கண்டு கைதட்டினோம். அவனுக்காகக் கண்ணீர் விட்டதில்லை. கிரிப்டான் குழந்தைக்காகக் கண் கலங்கியது உண்டு. விபத்தில் தொடங்கும் கதைக்கும் பிரிவில் தொடங்கும் கதைக்கும் உள்ள வேறுபாடு அது.

அன்பர்களே! 1978இல் வந்த திரைப்படத்தில், தந்தை குழந்தையோடு பளிங்குக் கற்களையும் கலத்தில் வைத்து அனுப்புகின்றார். அவற்றில் அவ்வுலகத்தின் அறிவெல்லாம் அடங்கியிருக்கின்றது. பிள்ளை வளர்ந்தபின் அவற்றின் வாயிலாகவே தந்தையின் குரலைக் கேட்கின்றான். 1938இன் கலத்திலோ குழந்தையைத் தவிர வேறெதுவும் காட்டப்படவில்லை. நம் பிள்ளைகளை நாம் எந்தக் கலத்தில் ஏற்றியிருக்கின்றோம்? அவர்கள் மலையாளத்தை ஆர்வத்தோடு கற்கின்றார்கள்; கற்கவேண்டும். அது அவர்களை வளர்க்கும் வீட்டின் மொழி, யசோதையின் மொழி. ஆயினும் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்? எம் இல்லத்திலேயே ஒருவன் உளன், வெட்கத்தோடு சொல்லுகின்றோம். பளிங்குக் கல் கையில் இருந்தும் அதன் குரல் கேளாத பிள்ளை அவன். குற்றம் அவனுடையதன்று, எம்முடையது.

பழைய பெட்டியிலிருந்த லயன் காமிக்ஸ் ஒன்றை எடுத்து, நாள்தோறும் இரண்டு பக்கம் அவனோடு அமர்ந்து படிக்கத் தொடங்கியிருக்கின்றோம். எழுத்துக் கூட்டித் தடுமாறுகின்றான். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கின்றான். படக்கதையால் விளைந்த நன்மை இது.

ஆச்சியிடம் கேட்ட அச்சிறுவனும் இவ்வவையில் இருக்கின்றான். தம்பி, அன்று சொல்லத் தவறிய விடையை இன்று சொல்லுகின்றோம். உன்னை அனுப்பிய ஊர் அம்பாசமுத்திரம். உன்னை ஏந்திக்கொண்ட ஊர் திருவனந்தபுரம். யார் கேட்டாலும் இரண்டையும் சொல். எதையும் மறைக்க வேண்டாம்.