சமதர்ம எதிர்ப்பு என்றால் என்ன?



செய்தித்தாள் படிக்கும்போது ‘சமதர்ம எதிர்ப்பாளர்’ என்ற சொல் வந்தால் நம்மில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறோம். நீளமான சொல். பிரித்துப் படித்தால் பயம் போய்விடும்.

சமதர்மம், சோசலிசம் இரண்டும் ஒன்றுதான். நிலம், ஆலை, சுரங்கம், வங்கி எல்லாம் சிலர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. பொதுவில் இருக்க வேண்டும். பலன் எல்லோருக்கும் சேர வேண்டும். இதுதான் சமதர்மம். இந்த வழி வேண்டாம் என்பவர் சமதர்ம எதிர்ப்பாளர்.

அப்படியானால் அவர் ஏழைகளுக்கு எதிரியா? அவசரப்படாதீர்கள். ராஜாஜியின் கதையைக் கேளுங்கள்.

1955இல் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சமதர்ம முறையில் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். 1959இல் நாகபுரி மாநாட்டில் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் வந்தது. உழவர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடும் முறை அது. ராஜாஜி ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உழவனின் நிலம் உழவனிடமே இருக்கட்டும் என்றார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று மக்களை அலைய வைக்கும் ஆட்சி கூடாது என்றார். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. பழைய மன்னர்களும் பெரிய முதலாளிகளும் அதில் இருந்தார்கள். அதனால் பணக்காரர் கட்சி என்று மற்றவர்கள் ஏசினார்கள். அதையும் நாம் மறைக்க வேண்டாம்.

இது நிஜமான சமதர்ம எதிர்ப்பு. ஆனால் இந்தச் சொல்லை வாயை அடைக்கவும் வீசுவார்கள். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று ஓர் அக்கா கேட்கிறார் என்று வையுங்கள். “ஏழைகளுக்கான திட்டத்தையே எதிர்க்கிறாயா?” என்று யாராவது மடக்கலாம். அக்கா கடையை மூடச் சொன்னாரா? இல்லையே! முழு எடை கேட்டார். அவருக்கு இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது.

1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் வந்தது. முகவுரையில் சமதர்மத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்தது அப்போதுதான். அதை நீக்கச் சொல்லிச் சிலர் வழக்குப் போட்டார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நம் நாட்டில் சமதர்மம் என்றால் மக்கள் நல அரசு, எல்லோருக்கும் சம வாய்ப்பு. தனியார் தொழிலுக்கு அது தடை இல்லை என்றும் சொன்னது. இந்தப் பொருளில் பார்த்தால் ராஜாஜி எதிர்த்தது வேறு, முகவுரையில் இருப்பது வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாளை முகவுரை அச்சிட்ட தாளைக் கொண்டு வருகிறேன். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று நீங்களே விரல் வைத்துக் காட்டுங்கள்.