கொழுகொழு குழந்தையெல்லாம் நலமான குழந்தையா?

(தோட்டத்துத் தாய்மார்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் ஒரு குழந்தை கன்னம் உப்பி, கையிலும் காலிலும் சதை மடிந்து விளங்குமானால், காண்போர் எல்லாரும், “பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கின்றாள்” என்று தாயைப் பாராட்டுகின்றனர். குழந்தை சற்று மெலிந்திருந்தாலோ, மாமியார் முதல் அடுத்த வீட்டார் வரை அத்தாயைக் குறை கூறுகின்றனர். கொழுத்திருப்பதே நலம், மெலிந்திருப்பதே நோய் என்னும் இவ்வெண்ணம் பஞ்சமும் பற்றாக்குறையும் நிலவிய காலத்தில் நம் முன்னோர் மனத்தில் வேரூன்றியது. அக்காலத்திற்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று அதுவே நம் பிள்ளைகளுக்குத் தீங்காக முடியக்கூடும். குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளில் நாம் ஊட்டும் உணவு, அதன் நாற்பதாம் ஐம்பதாம் வயதின் உடல்நலத்தை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதையே இன்று ஆராய்வோம்.

ஒரே வீட்டில் இருவகைக் குறை

நம் நாட்டின் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகளை முதலில் நோக்குவோம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 29.8 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். பெரியவர்களில் பாதிப் பேர் அவ்வாறே எடை மிகுந்தவர்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு நோய் காணப்பட்டது. இந்திய வம்சாவளியினரிடையேயோ அது நூற்றுக்கு 31.4 ஆகும், அஃதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

வளராமல் குன்றுவதும் அளவுக்கு மிஞ்சிப் பருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் இவ்விரண்டும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே குழந்தையிடம் காணப்படுகின்றன. வயிற்றை நிரப்பியும் உடலைக் கட்டாத உணவே இதற்குப் பெருங்காரணம். சீனியும் மாவும் எண்ணெயும் எடையைக் கூட்டும். எலும்பையும் தசையையும் இரத்தத்தையும் உருவாக்கும் புரதமும் இரும்புச்சத்தும் அவற்றில் மிகக் குறைவு. ஆகவே, குழந்தை குண்டாக இருப்பதனால் மட்டும் அதற்குப் போதிய ஊட்டம் கிடைக்கின்றது என்று நாம் முடிவு செய்தலாகாது.

டின் பாலின் வரலாறு

இந்தப் பாடத்தை நம் மண்ணிலேயே ஒருவர் நெடுங்காலத்திற்கு முன் எடுத்துரைத்தார். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். புரதம் குன்றிய உணவினால் குழந்தைகளுக்கு உண்டாகும் ‘குவாஷியோர்க்கர்’ என்னும் கொடிய நோயை ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது மருத்துவ உலகிற்கு விளக்கியவர் இவரே. சீனி கலந்த கெட்டிப்பாலை, அஃதாவது நாம் டின் பால் என்று கூறுவதை, தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்குமாறு அந்நாளில் ஏழைத் தாய்மார்களிடம் விளம்பரம் செய்யப்பட்டது. அதனை நம்பியவர்களின் குழந்தைகள் நோயுற்று மடிவதை அவர் கண்ணாரக் கண்டார். 1939இல் சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, அவ்விளம்பரங்களை வன்மையாகக் கண்டித்தார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனையை நெறிப்படுத்தும் அனைத்துலக விதிமுறைகளை உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை ஏற்றுக்கொண்டது 1981இல்தான்.

அன்று டின் பால் பச்சிளங் குழந்தைகளின் உயிரைச் சில மாதங்களிலேயே குடித்தது. இன்று மருத்துவ வசதி பெருகிவிட்டமையால் அத்தகைய சாவுகள் அரிதாகிவிட்டன. ஆயினும் டின் பால் நம் அடுக்களையை விட்டு அகலவில்லை. விடியுமுன் தாய் வேலைக்குப் புறப்பட, பாட்டி தேநீரில் இரண்டு கரண்டி டின் பாலைக் கலக்கிப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் அவ்வழக்கம் உடன் சென்றிருக்கின்றது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி டின் பால் ஏறத்தாழ 20 கிராம். அதில் ஏறக்குறைய 9 கிராம் சேர்க்கப்பட்ட சீனி. ஒரு வேளைக்கு இரண்டு கரண்டியாக நாளுக்கு மூன்று வேளை கொடுத்தால், குழந்தையின் வயிற்றினுள் 54 கிராம் சீனி சேருகின்றது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீனி கலந்த பானங்களே ஆகா என்பது 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரை. மேலும், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கின்றது. இதனால் அக்குழந்தை சீனியினால் பருத்தும், இரத்தக் குறைவினால் சோர்ந்தும் வளரக்கூடும்.

நமக்கு ஏன் கூடுதல் விழிப்பு வேண்டும்?

இந்திய வம்சாவளியினரிடம் நீரிழிவு இத்துணை மிகுந்திருப்பது ஏன்? சோறும் இனிப்பும் மட்டுமே காரணம் என்பது முழு உண்மையன்று. இந்தியாவின் புனே நகரையொட்டிய சிற்றூர்களில் டாக்டர் யாஜ்னிக் அவர்களின் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; ஆங்கிலேயக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. எடையில் இத்துணைக் குறைந்த அக்குழந்தைகளின் உடலில் தசை மிகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு என்னும் இவ்வமைப்பு தாயின் கருப்பையிலேயே தொடங்குகின்றது.

சிறிதாகப் பிறந்த குழந்தையை விரைவில் குண்டாக்க வேண்டும் என்று சீனியும் மாவும் மிகுதியாக ஊட்டினால், கூடுவது பெரும்பாலும் கொழுப்பே. குறைந்த எடையில் பிறந்து, பின்னர் மிகையாகப் பருத்தவர்களுக்கே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் எளிதில் பற்றுகின்றன. ஆகவே, நம் பிள்ளைகளுக்கு வேண்டுவது விரைவான பருமன் அன்று, சீரான வளர்ச்சியே.

மற்றொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்ட சீனி, 1953 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கித் தாராளமாகக் கிடைக்கலாயிற்று. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் அளவான சீனியோடு வளர்ந்தவர்களையும், கட்டுப்பாடு நீங்கிய பின் கருவுற்றுப் பிறந்தவர்களையும் முதிய வயதில் ஒப்பிட்டு, 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்னவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 20 பங்கும் குறைந்திருந்தன. குழந்தைப் பருவத்துச் சீனியின் கணக்கு ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் தீரவில்லை என்பதை இது காட்டுகின்றது.

மெலிவைக் கண்டு அஞ்சற்க

முதல் ஆண்டில் சதைப்பிடிப்போடு விளங்கும் குழந்தை, நடக்கவும் ஓடவும் தொடங்கியபின் உயர்ந்து மெலிகின்றது. ஏறத்தாழ ஐந்து, ஆறு வயது வரை இம்மெலிவு நீடிப்பது இயற்கை. “பிள்ளை இளைத்துவிட்டான்” என்று அஞ்சி, அப்பருவத்தில் சத்துப் பானங்களையும் இனிப்பு ரொட்டிகளையும் அளவின்றிக் கொடுக்கும் பெற்றோர் பலர். மெலிய வேண்டிய அப்பருவம் முடியுமுன்னரே பருக்கத் தொடங்கும் பிள்ளைகளே பெரும்பாலும் பிற்காலத்தில் மிகைப் பருமன் அடைகின்றனர் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

குழந்தை சரியாக வளர்கின்றதா என்பதைக் கண்ணால் மதிப்பிடுதல் இயலாது. சுகாதார நிலையத்தில் கொடுக்கப்படும் குழந்தைநலப் பதிவுப் புத்தகத்தில் எடையோடு உயரத்தையும் குறிக்கச் செய்து, கோடு சீராக ஏறுகின்றதா என்று காண்பதே முறை. உண்மையாகவே வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கென 1989இல் தொடங்கப்பெற்ற ஊட்ட உதவித் திட்டம் உண்டு. உங்கள் குழந்தை அதற்குத் தகுதியுடையதா எனத் தாதியிடம் தயங்காமல் கேளுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

1. கருவுற்ற தாய் முதலில் உண்ணட்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கம் அந்நாள்களிலேனும் ஒழிய வேண்டும். நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேநீரோடு விழுங்காமல் தண்ணீரோடு உட்கொள்ள வேண்டும்.

2. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டா. அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். வேலைக்குச் செல்லும் தாய், பாலைப் பிழிந்து தூய பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் அது நான்கு நாள் வரை கெடாது. வெளியில் வைத்தால் நான்கு மணி நேரத்திற்குள் புகட்டிவிட வேண்டும்.

3. ஆறு மாதம் நிறைந்ததும், தண்ணீராக ஓடாத கெட்டியான கஞ்சியில் பருப்பு, முட்டை, மீன், கோழி ஈரல் ஆகியவற்றுள் ஒன்றை மசித்துச் சேர்க்க வேண்டும். நெத்திலியாயின் உப்புப் போக ஊறவைத்துக் கழுவிச் சேர்க்கலாம். வீட்டுக் கொல்லையில் விளையும் முருங்கைக் கீரையும் பப்பாளியும் கடையில் வாங்கும் சத்து மாவுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ஒரு வயது வரை உப்பும் தேனும் வேண்டா. சீனி இரண்டு வயது வரை வேண்டா.

4. புட்டியில் தேநீர், டின் பால், குளிர்பானம் ஆகியவற்றைக் கொடுத்தல் கூடாது. இன்று ‘கிரீமர்’ என்று விற்கப்படும் டின்களில் பெரும்பகுதி சீனியும் செம்பனை எண்ணெயுமே. டின்னின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

5. குழந்தை வாயை மூடி முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். கைப்பேசியைக் காட்டி ஏமாற்றி ஊட்டுவது, வயிறு சொல்வதைக் கேளாதிருக்க அதனைப் பழக்குவதாகும்.

6. அழுகையை அடக்க இனிப்பைக் கையூட்டாகக் கொடுக்க வேண்டா. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் திடலில் ஓடி விளையாடட்டும்.

இறுதியாக ஒரு சொல்

பாட்டிமார்களுக்கு நாம் தனியே ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். பேரப்பிள்ளைக்கு நீங்கள் அன்போடு ஊட்டுகின்றீர்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் காலில் ஆறாத புண்ணோடும், வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் அல்லலுறும் நம்மவர் எத்தனை பேர் என்பதை உங்களினும் நன்கறிந்தவர் யார்? அத்துன்பம் உங்கள் பேரனுக்கு வராதிருக்க, இன்றே அவனுடைய புட்டியிலிருந்து டின் பாலை நீக்குங்கள். அதற்குச் செலவாகும் பணத்தில் முட்டை வாங்கலாம்.

கொழுத்த குழந்தையைக் கண்டு மகிழ்வதைக் காட்டிலும், நாற்பது வயதிலும் நோயின்றி உழைக்கும் மகனையும் மகளையும் காண்பதே பெருமகிழ்ச்சி. அம்மகிழ்ச்சிக்கு வழி கோலுவோமாக.